சத்தம் வந்த பக்கம்

ஆகஸ்ட் 12, திங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். முப்பத்தேழு வருஷம் கழித்து எனக்கு மறுபடி வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள் ஒரு பெண். பெயர் நிலோபர். பெரியாஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் காது சோதிப்பது அவள் வேலை. வயது இருபத்தைந்து இருக்கும். அதட்டல் ஐம்பது வயதுக்கு இருக்கிறது.

என் மகள் பிறந்து இன்று நான்காம் நாள். காதுக்குள் பட்டாணி அளவு ஒன்றைச் செருகி மிஷினைத் தட்டினாள். காது நன்றாக இருந்தால் உள்ளேயிருந்து ஒரு எதிரொலி திரும்பி வருமாம். இரண்டு காதிலும் வரவில்லை. பயப்பட வேண்டாம், பிறந்த புதிதில் காதுக்குள் ஈரமும் அழுக்கும் இருக்கும், நிறைய குழந்தைகளுக்கு இப்படித்தான் வரும், செப்டம்பர் 11ஆம் தேதி கொண்டு வாருங்கள், மறுபடி பார்ப்போம் என்றாள். அதுவரை நான் தினமும் கவனித்து எழுத வேண்டும்.

“சத்தம் கேட்டா குழந்தையோட கண்ணுதான் முதல்ல சொல்லும். கண்ணு விரியும், இல்ல பால் குடிக்கிறத நிறுத்தும், இல்ல மெதுவா சத்தம் வந்த பக்கம் திரும்பும். அதைப் பாத்து எழுதுங்கண்ணே.”

என்னிடம் போய்ச் சொல்கிறாள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுகிறவன் நான். பட்டுக்கோட்டை, பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று ஒரு குரல் கொடுத்தால் டீக்கடையில் நிற்பவன் டம்ளரோடு திரும்புவான். சத்தம் வந்த பக்கம் ஆட்களைத் திரும்ப வைப்பதில்தான் இத்தனை வருஷமாக என் வீட்டு அடுப்பு எரிகிறது.

கடைசியில் ஒன்று கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே காது கேட்காதா என்று. இல்லை என்றேன். அம்மாவுக்குக் கேட்காதுதான். ஆனால் அது ஏழு வயதில் காய்ச்சலில் போனது. அது கணக்கில் வராது.

பஞ்சவர்ணத்துக்கு இன்னும் ஆபரேஷன் அசதி முழுதாகத் தீரவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில் பெற்றிருக்கிறாள். தையல் ஆறட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காது டெஸ்ட் என்ன ஆயிற்று என்று பஞ்சு கேட்டாள். உன் மகள் இப்போதே தோடு கேட்கிறாளாம், ஜிமிக்கி வைத்ததுதான் வேண்டுமாம் என்றேன். சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் இழுக்கிறது, இன்னும் பத்து நாளைக்கு வாயைத் திறக்காதீர்கள் என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தோம். பஞ்சுவின் தங்கை இருளாயி ஒரு மாதத்துக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள். வந்ததும் என்னைப் பார்த்து, பிள்ளை நல்லவேளை உங்கள் சாயலில் இல்லை மச்சான் என்றாள். பிள்ளை கறுப்பு, மூக்கு எனக்குள்ளது, முன்நெற்றி எனக்குள்ளது. இவளுக்குக் கண் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக் குழம்பு. தெருவே மணக்கிறது. எனக்கும் அதுதான்.

ஆகஸ்ட் 17, சனி

பாடம் தொடங்கியது. பஞ்சு குளிக்கப் போன நேரம் பார்த்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பட்டென்று கை தட்டினேன். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். இன்னொரு முறை தட்டினேன், இன்னொரு முறை மூடினாள். ஐந்துக்கு ஐந்து. நோட்டில் பெரிதாக எழுதினேன்: கேட்கிறது.

டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை பிறந்ததற்குத்தான் போன வாரமே கொடுத்தாயே அடைக்கலம், இது எதற்கு என்றார்கள். சும்மா சாப்பிடுங்கடா என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிலோபருக்குப் போன் போட்டு நல்ல சேதி சொன்னேன். எப்படித் தட்டினீர்கள் என்றாள். சொன்னேன். பஜ்ஜி வீண்.

முகத்துக்கு எதிரே தட்டினால் கைக்காற்று கண்ணில் படும், கை வருவதும் நிழலாகத் தெரியும், முழுச் செவிட்டுக் குழந்தையும் கண்ணை மூடும் என்றாள். பிள்ளை கண்ணுக்குப் படாமல் பக்கவாட்டில் இருந்து, காற்று வராமல், கொஞ்ச நேரம் விடாமல் சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சத்தம் காதில் ஏறி, அது கண்ணுக்குப் போய், கண் கிளம்பி வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகுமாம். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி.

இன்னொன்றும் சொன்னாள். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு முழத்துக்கு உள்ளே இருப்பதுதான் கொஞ்சமாவது தெரியும், அதற்கு மேல் எல்லாம் கலங்கல். பால் கொடுக்கும்போது தாயின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்ட குரல் எந்த முகத்திலிருந்து வருகிறதோ, அந்த முகத்தைச் சீக்கிரம் அடையாளம் பிடித்துக்கொள்ளுமாம். குரல்தான் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் என்றாள்.

“குரலே கேக்கலன்னா?” என்றேன்.

“கொஞ்சம் தாமதமாகும். வேற வழியில பிடிச்சுக்கும். வாசம் இருக்கு, தொடுறது இருக்கு. நீங்க அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?”

பஸ் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனைப் போட்டு ஆட்டினேன். எழுந்தது இருளாயிதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மழை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இல்லை. சீக்கிரம் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முகத்தையே பார்த்தாள். கண்ணை அல்ல, முதலில் நெற்றியும் முடியும் சேருகிற இடத்தைப் பார்த்தாள். அப்புறம் வாய்.

அம்மாவும் வாயைத்தான் பார்ப்பாள். நான் பேராவூரணிப் பக்கம் ஒரு ரைஸ்மில் காலனியில் பிறந்தவன். அம்மா வெள்ளச்சி அங்கே களத்தில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவுகிற வேலை. கூப்பிட வேண்டுமென்றால் தரையை மிதிக்க வேண்டும். குடிசைக்குள் மண் தரை, இரண்டு மிதியில் திரும்பிவிடுவாள். நான் வேண்டுமென்றே மிதித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்பேன். ஐந்தாறு முறை ஏமாறுவாள். ஏழாம் முறை திரும்பாமலே கையை மட்டும் பின்னால் வீசுவாள், சரியாக என் தலையில் விழும். எப்படித்தான் தெரியுமோ.

ஈரக்கையால் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். வெளிச்சத்தில் நின்று பேசு என்று அர்த்தம். அந்த ஈரம் இப்போதும் முகவாயில் இருக்கிறது. ஐந்து வயதில் காய்ச்சல் வந்து காது போனவள், பாவம்.

ஆகஸ்ட் 24, சனி

நிலோபர் சொன்னபடி சுத்தமாகச் செய்தேன். பால் குடித்து, ஏப்பம் விட்டு, கண் திறந்து சமர்த்தாகக் கிடந்தாள். அறையில் ஜன்னலைப் பாதி சாத்தினேன், வெளிச்சம் குறைந்தால் கண்ணை நன்றாகத் திறப்பாள். டப்பாவில் கொஞ்சம் பாசிப்பயறு போட்டுக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டினேன்.

வாசல் பக்கம் ஆட்டினேன். இருபது எண்ணுவதற்குள், பன்னிரண்டில், கண் மெல்லக் கிளம்பி வாசல் பக்கம் போனது.

ஜன்னல் பக்கம் ஆட்டினேன். அதற்கும் வாசலையே பார்த்தாள்.

நான்கு முறை மாற்றி மாற்றி. எப்போதும் வாசல்தான். யாரோ வரவேண்டியவர்கள் இருக்கிறார்கள் போல. எழுதினேன்: கேட்கிறது. வாசல் மேல் ஆசை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பஞ்சு தூங்கும்போது பக்கத்தில் தட்டு போட்டேன். பிள்ளை உதறினாள். பஞ்சுவும் உதறினாள். இருளாயி வந்து, வயசுக்கேத்த விளையாட்டா மச்சான் இது என்று கரண்டியை ஓங்கினாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். விளையாட்டுக்காரன் என்று பெயர் எடுத்து வைத்திருப்பதில் இப்படி ஒரு சௌகரியம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பட்டுக்கோட்டை பஸ் அரை மணி லேட். பிள்ளை 3 கிலோ 200.

ஆகஸ்ட் 29, வியாழன்

பெயர் பேச்சு. முப்பத்தொன்றாம் நாள், செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, பெயர் வைக்கிறோம். இருளாயி ‘இசைமதி’ என்றாள். பஞ்சுவுக்குப் பிடித்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். உன் அக்காள் பாடினால் தெருநாய் எழுந்து போகிறது, அந்தப் பரம்பரைக்கு இசை எதற்கு என்றேன். பஞ்சு தலையணையை எறிந்தாள். பெயர் ‘நிறைமதி’ ஆயிற்று. தப்பித்தேன்.

பஞ்சு பால் கொடுக்கும்போது ஓயாமல் பேசுகிறாள். கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டைப் பற்றி, மணமேல்குடியில் கடல் பார்த்ததைப் பற்றி, நான் நண்டைக் கண்டு ஓடியதைப் பற்றி. பிள்ளை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறது. பிறகு மறுபடி உறிஞ்சுகிறது. ஒரு பக்கம் கொடுக்கும்போது அப்படி நிறுத்துகிறாள். மாற்றிப் போட்டுக் கொடுக்கும்போது நிறுத்துவதில்லை. பசி அதிகமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 31, சனி

ஜன்னல் சாரல் அடிக்கிறதென்று இருளாயி பிள்ளையைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டிருந்தாள். டப்பாவை ஆட்டினேன்.

ஜன்னல் பக்கம் ஆட்டினால் ஜன்னலைப் பார்க்கிறாள்.

வாசல் பக்கம் ஆட்டினாலும் ஜன்னலைப் பார்க்கிறாள்.

வாசல் அலுத்துவிட்டது போல.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். பயற்றை எடுத்துச் சுண்டல் செய்யச் சொல்லி இருளாயியிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் இன்று தொண்டை கட்டிவிட்டது. கையைக் காட்டிக் காட்டி ஆள் ஏற்றினேன். டிரைவர் சூசை, உனக்கு இது நன்றாக வருகிறதே என்றான்.

வராமல் என்ன. ரைஸ்மில்லில் மிஷின் ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. மில் உள்ளே இருக்கிற பெண்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அம்மாதான் ஒன்றும் நடக்காதவள் போல நிற்பாள். கத்திக் கத்தி அலுத்துப்போய் எல்லாரும் அம்மாவிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டார்கள். மூட்டை வந்துவிட்டது, முதலாளி வருகிறார், உன் புருஷன் குடித்துவிட்டு வாசலில் நிற்கிறான், எல்லாவற்றுக்கும் கை. மிஷின் ஓடும் வரைக்கும் அந்த மில்லில் அம்மா பாஷைதான் ஊர் பாஷை. தவிட்டுத் தூசி பறக்கும், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இருபது பேர் கையால் பேசிச் சிரிப்பார்கள். கரண்ட் போனதும் எல்லாரும் வாய்க்குத் திரும்பிவிடுவார்கள். அம்மா மட்டும் தனியாகிவிடுவாள்.

கரண்ட் போகக் கூடாது என்று சாமி கும்பிட்ட ஒரே பையன் அந்தக் காலனியில் நானாகத்தான் இருப்பேன்.

அம்மா வாயிலிருந்து ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. சிரிப்பு கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

முன் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு இடத்தில் ஏழு வயது, ஒரு இடத்தில் ஐந்து வயது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏழு வயதில் காது போனவள் ஏழு வயது வரை பேசியிருப்பாள். நாலு வார்த்தையாவது மிச்சம் இருந்திருக்கும்.

அம்மாவுக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. பிறந்ததிலிருந்தே கேட்காது.

பொண்ணு பார்க்கப் போனபோது அம்மா இறந்து இரண்டு வருஷம். உங்கள் தாயார் ஊமையாமே, பிறவியா என்று பஞ்சுவின் அப்பா கேட்டார். பஞ்சு கதவுக்குப் பின்னால் நின்றாள், மருதாணி விரல் மட்டும் கதவில் தெரிந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், காய்ச்சலில் போனது என்று. ஏழு வயது என்று ஒரு நிமிஷத்தில் வந்தது. பிறவி என்றால் பெண் கிடைத்திருக்காது. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். முதல் வருஷம் சொல்லியிருக்கலாம். அப்புறம் பிள்ளை தங்காமல் போன இரண்டு முறையும் சொல்ல முடியவில்லை. அப்புறம் அதுவே நிஜமாகிவிட்டது.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் இதன் பின்பக்கத்தில் குறித்திருக்கும் பிள்ளையின் எடை 3 கிலோ 400ம் போய்விடும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெயர் வைத்தோம். அக்கம்பக்கம் பத்துப் பதினைந்து பேர், சூசை குடும்பம். எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லாததால் நானே பெயர் சொல்ல வேண்டும். பிள்ளையின் வலது காதில் மூன்று முறை.

பிள்ளை பஞ்சுவின் மடியில் விழித்துக்கொண்டு கிடந்தாள். குனிந்து வலது காதில் நிறைமதி என்றேன். அசையவில்லை. கண் மேலே விட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. இன்னும் நெருங்கி இரண்டாம் முறை சொன்னேன். இருபது எண்ணினேன். எல்லாரும் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் முறை குரல் பாதியில் நின்றுவிட்டது. அப்போது அந்தப் பக்கம் இருளாயி மெல்ல நாக்கைச் சொடுக்கினாள். பிள்ளையின் கண் அழகாக அவளிடம் போனது.

எல்லாரும் சிரித்தார்கள், சித்தியைத்தான் பிடிக்கிறது என்று. பஞ்சு சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

“பஸ் ஸ்டாண்டுல அத்தனை இரைச்சல்ல உடையாத குரல் பிள்ளை காதுல உடையுது. என்ன மறைக்கிறீங்க?”

டெஸ்டைப் பற்றிச் சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். புதன்கிழமை மறு டெஸ்ட் என்றேன்.

“அப்ப ஒரு மாசமா தட்டைத் தூக்கிப் போட்டதெல்லாம் விளையாட்டு இல்லையா?”

“இல்ல.”

“நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று தோன்றியது.

செப்டம்பர் 9, திங்கள்

பஞ்சு என்னோடு பேசவில்லை. காபி வந்தது, பேச்சு வரவில்லை. என் ஜோக்கு நான்கு வீணாயிற்று.

மத்தியானம் சாப்பிட வந்தபோது கதவிடுக்கில் பார்த்தேன். பிள்ளையைப் பாயில் போட்டு வலது பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பொறுத்துப் பார்த்தாள். எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். கூப்பிட்டாள். திரும்ப வலது. டப்பா இல்லை, பயறு இல்லை.

சாதம் போடும்போது இரண்டே வார்த்தை சொன்னாள்.

“வலது காது.”

நான் ஒரு மாதமாக வாசல் ஜன்னல் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 11, புதன்

காலை பஸ்ஸில் பெரியாஸ்பத்திரி. பிள்ளை தூங்க வேண்டும் என்றார்கள், தூங்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, அந்தச் சத்தம் மூளை வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்று பெட்டியில் கோடு பார்த்தாள் நிலோபர். முக்கால் மணி நேரம். பஞ்சு பெட்டியைப் பார்க்கவில்லை. பிள்ளையையே பார்த்திருந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ஏழு முறை படித்தேன்.

இடது காது நன்றாக இருக்கிறது. வலது காதில் ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

நிலோபர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். பேச்சு வரும், படிப்பு வரும், பாட்டும் வரும். ஒன்றுதான் வராது. இரண்டு காதும் சேர்ந்தால்தான் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். அது தெரிந்தால்தான் கண் அங்கே திரும்பும். இவளுக்குக் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. கேட்கிற காதின் பக்கமே தேடுவாள்.

“அந்த வேலையையும் இவ கண்ணுதான் சேத்துப் பாக்கணும். கூப்பிட்டா திரும்பலன்னு யாரும் திட்டக் கூடாது. ரோட்டுல கையை விடக் கூடாது. நீங்கதான் அவ முன்னாடி வந்து நிக்கணும்.”

பஞ்சு தலையாட்டினாள். அழவில்லை. முழுச் செவிடோ என்று மூன்று நாளாக அவளும், முப்பது நாளாக நானும் பயந்திருந்ததற்கு இது பாதிதான். பாதி வருத்தத்தை எப்படிப் படுவது என்று தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நிலோபர் நிரப்புவதற்கு ஒரு பாரம் எடுத்தாள். போன முறை கேட்டதே மறுபடி வந்தது. குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே காது கேட்காதா?

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு சொன்னாள். “இவங்க அம்மாவுக்குக் கேக்காதும்மா. ஆனா பிறவி இல்ல. ஏழு வயசுல காய்ச்சல்ல போனது. நல்லா இருந்தவங்கதான்.”

மூன்று நாளாக என்னோடு பேசாதவள், கண்ணால் பார்த்தேயிராத மாமியாருக்காக எனக்கு முந்திக்கொண்டு பரிந்து பேசினாள். நான் கொடுத்த பொய்யைப் பதினேழு வருஷமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்து அப்படியே எடுத்துக் கொடுத்தாள். நிலோபர் ‘இல்லை’ என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

“காய்ச்சல் இல்லம்மா” என்றேன். “பிறவி.”

பேனா நின்றது. பஞ்சு என் பக்கம் திரும்பினாள். நான் பாரத்தைப் பார்த்தே சொன்னேன்.

“எங்கம்மாவுக்குப் பிறந்ததிலேருந்தே கேக்காது. காய்ச்சல்ங்கிறது நான் சொன்னது. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு.”

நிலோபர் எழுதினாள். அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு காது போவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, யார் குற்றமும் இல்லை, ஆனால் சொன்னது நல்லது என்றாள். அதட்டல் இல்லாமல் அவள் பேசி இன்றுதான் கேட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் பஞ்சு, மடியில் பிள்ளை, பக்கத்தில் நான். பாதி வழியில் டிக்கெட் கொடுத்தவன் என்ன அடைக்கலண்ணே சத்தத்தையே காணோம் என்று கேட்டுவிட்டுப் போனான்.

“பதினேழு வருஷம்” என்றாள்.

“ஆமா.”

“உண்மையச் சொல்லிருந்தா எங்கப்பா குடுத்திருக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியாதா? அதுக்கு இல்ல.” ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். “உங்கம்மா எப்படி இருப்பாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு எத்தனை தடவ கேட்டிருக்கேன். சைகைன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருவீங்க. பிறவிங்கிறத மறைக்கப் போயி அந்த மனுஷியவே மறைச்சிட்டீங்க.”

மில்லையும் தவிட்டுத் தூசியையும் இந்த நோட்டுக்குச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கேயோ ஒரு இடத்தில் ஏழு வயது இடிக்கும் என்று பயம்.

பிள்ளை முழித்துக்கொண்டாள். பஞ்சு அவளைத் தோள் மாற்றிப் போட்டாள், இடது காது என் பக்கம் வரும்படி.

“அவங்க உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?” என்றாள்.

கையைத் தூக்கினேன். அம்மா போன பிறகு யாருக்கும் காட்டாதது. விரல்களையும் கட்டை விரலையும் சேர்த்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, திறந்து மூடித் திறந்து மூடி, காக்கா அலகு மாதிரி. ஓயாமல் வாய் ஆடுகிறவன் என்று அர்த்தம். என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே அம்மா எனக்கு வைத்த பெயர் அது.

பஞ்சு அதைப் பார்த்தாள். பிள்ளையைத் தாங்காத கையால் தானும் செய்து பார்த்தாள். கட்டை விரல் தப்பாக இருந்தது. நான் பிடித்துச் சரியாக வைத்தேன். இன்னொரு முறை செய்தாள். பஸ் ஆட்டத்தில் எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

வீட்டுப்பாடம் முடிந்தது. நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பஞ்சுவுக்குக் கோபம் தீரவில்லை. காலையில் காபியில் சர்க்கரை இல்லை. இருளாயியிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் போல, அவளும் என்னை மச்சான் என்று கூப்பிடாமல் இந்தாங்க என்கிறாள். சரிதான். எனக்கு வந்து சேர வேண்டியது தவணையில் வருகிறது.

மத்தியானம் பாயில் பிள்ளைக்கு ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பஞ்சு. ரைஸ்மில் கதை கேட்டாள். கரண்ட் போவது வரைக்கும் சொன்னேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, உங்கம்மா இருந்திருந்தால் இவளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்றாள். கையைக் காட்டுங்கள் என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அம்மா யாருக்கும் உடனே பெயர் வைத்ததில்லை. மில்லுக்குப் புதிதாக ஒருத்தி வந்தால் மாதக்கணக்கில் அவள் நடையை, சாப்பிடுவதை, கோபப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதுவரைக்கும் விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. ஒருநாள் திடீரென்று கை ஒரு பெயரைச் செய்யும். அப்புறம் அது மாறாது. இதைப் பஞ்சுவிடம் சொன்னேன்.

“அப்ப எவ்வளவு நாளாகும்?”

“ஆகட்டும்” என்றேன்.

பஞ்சு ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு வந்து, பாயை வெளிச்சத்துக்கு ஏற்றபடி இழுத்துப் போட்டாள். இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டோம், ஒரு முழத்துக்கு உள்ளே, பிள்ளையின் முகத்துக்கு நேராக. பிள்ளை முதலில் பஞ்சுவைப் பார்த்தாள், அப்புறம் என்னை. ஒரு கொட்டாவி விட்டாள். இது பெயருக்கு ஆகுமா என்று பஞ்சு கேட்டாள். ஆகாது, எல்லாரும்தான் கொட்டாவி விடுகிறார்கள் என்றேன்.

பார்த்துக்கொண்டிருக்கிறோம்.